கயிறு கட்டிய கல்

ஹூசாவிக்,
ஜனவரி 9.

அன்புள்ள தோர்டிஸ்,

“டீச்சர், கடைசியில அந்த அக்கா வர்றாளா இல்லையா?”

போன சனிக்கிழமை நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில், தலையெல்லாம் பனி விழ உட்கார்ந்துகொண்டு உன் தம்பி ஸ்டூர்லா கேட்டான். பள்ளியை விட்டு எத்தனை வருடமானாலும் அவனுக்கு நான் டீச்சர்தான்.

அவன் கேட்டது, கிறிஸ்துமஸுக்கு நீ எங்கள் இருவருக்கும் கொடுத்த புத்தகத்தைப் பற்றி. முதல் பாகத்தில், பேய்ப்பனி சூழ்ந்த குடாவில் தம்பியை விட்டுவிட்டு, திரும்பி வருவேன் என்று சொல்லி அக்கா படகேறினாளே, அதன் இரண்டாம் பாகம்.

ஸ்டூர்லாவிடம் இப்போது இரண்டு பிரதிகள். பொறுமையில்லாமல் நவம்பரிலேயே ஒன்று வாங்கிவிட்டான். பண்டிகை முடிந்து, பரிசாக இரண்டிரண்டாக வந்த புத்தகங்களை மாற்ற ஊரே கடைக்குப் போனபோது, இவன் மட்டும் போகவில்லை. நீ நம் ஊர்க் கடையில் சொல்லி அனுப்பிய பிரதியைக் கொடுத்துவிட்டுச் சமையல் புத்தகம் வாங்குடா, உன் மீன் சூப்பைக் குடிக்கிறவர்கள் பிழைக்கட்டும் என்றேன். “முடியாது டீச்சர். மாத்துறதுக்குக் கடையில ஒட்டியிருந்த சீட்டைக் கிழிச்சிட்டேன்” என்றான். அதை யாராவது கிழிப்பார்களா? ஏன்டா என்றேன். “அக்கா குடுத்தது” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாடை வரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டான்.

ஆனால் கடைசி அத்தியாயத்தை இன்னும் படிக்கவில்லை. “பேய்க்கெல்லாம் நான் பயப்படலை. அவ வராமலே போயிட்டா?” என்றான். இன்னொன்றும் உண்டு. அவனுடைய கண் மங்கிக்கொண்டே வருகிறது. கோடைக்குள் அச்செழுத்து தெரியாமல் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். நான் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். “நீங்க படிச்சா முடிவுல பரீட்சை வைப்பீங்க” என்று சிரித்தான்.

நான் முடித்துவிட்டேன். நீயும் முடித்திருப்பாய். அந்த அக்கா வருகிறாள், ஒரு குளிர்காலம் பிந்தி. அதற்குள் அந்தப் பேய்ப்பனி தம்பியைக் கரையில் கல்லாக்கிவிட்டது. அவள் அந்தக் கல்லிலேயே படகுக் கயிற்றைக் கட்டுகிறாள். அதிலேயே சாய்ந்து கருவாடு தின்கிறாள். காத்திருக்காமல் எங்கோ போய்விட்டான் என்று தம்பியைத் திட்டிவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போகிறாள். “அடியே, அது கல் இல்லடி!” என்று சமையலறையில் நின்று கத்தினேன். எழுதிய மகராசியையும் திட்டினேன். பிறகு திட்டக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்து அழுதேன்.

ஒருமுறை வகுப்பில் கதை வாசித்தபோது, அதில் ஓநாய் செத்ததற்கு ஒரு மாணவி தேம்பித் தேம்பி அழுதாள். விசாரித்தால், வீடு மாறும்போது அவர்கள் நாயை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கொடுத்த அன்று வீட்டில் அவள் அழவே இல்லையாம். எங்கே இறங்குவது என்று தெரியாத அழுகை, கதை கிடைத்தால் அங்கே இறங்கிவிடுகிறது. என் அழுகை யாருக்கானது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் அப்பாவின் படகை உன்னைக் கேட்காமல் ஸ்டூர்லா விற்றது தவறுதான். நான் அவனுக்காக வாதாட வரவில்லை. ஆனால் அந்தச் சண்டையில், அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து உங்களுக்குள் பேச்சில்லை. வருடத்துக்கு ஒரு புத்தகம் போகிறது, ஒன்று வருகிறது. கூட வரும் வாழ்த்து அட்டையில் பெயரைத் தவிர ஒரு சொல் கிடையாது. அந்த அக்கா போகுமுன் அந்தக் கல்லிடம் ஏதாவது பேசியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

நீ இருக்கும் பெர்கனில் மழை விடட்டும், உன் முழங்கால் வலி குறையட்டும். ஞாயிறு பிற்பகல் ஸ்டூர்லா காபியோடு வீட்டில்தான் இருப்பான். போன் செய். படகைப் பற்றிப் பேச வேண்டாம், கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டாம். கடைசி அத்தியாயத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து அவனுக்குச் சத்தமாகப் படி.

உன்,
குட்னி