கொசுறு அழவில்லை

மார்ச் 4, செவ்வாய்

தங்கச்சி பிரசவமாகி மேல்மாடி வார்டில் காய்ச்சலோடு கிடக்கிறாள். மாப்பிள்ளை கப்பலில். ஆகவே குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு இப்போது நான்தான் ராஜா. மருமகன் ஒரு கிலோகூட இல்லை. கொசுறு என்று பெயர் வைத்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வாயில் குழாயோடு கிடக்கிறான். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மூச்! அழவே இல்லை. என் கை ராசி அப்படி. முட்ட வந்த மாடே இந்தக் கை பட்டுப் படுத்திருக்கிறது.

மேலே தங்கச்சியிடம் போய், "சிரிச்சான்மா! டாக்டரே அசந்துட்டாரு" என்றேன்.

"அப்ப வலிக்கலையாண்ணே?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

அதற்கப்புறம்தான் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மார்ச் 5

நாற்காலியிலேயே தூக்கம். கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி குத்தல். மறுபடி அழவில்லை. "பாத்தீங்களா சிஸ்டர், மாமன் கை!" என்றேன்.

"மாமா, கையையும் வாயையும் கொஞ்சம் சும்மா வைங்க. அவன் நெத்தியப் பாருங்க."

புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. விரல்கள் விறைத்து விரிந்திருந்தன.

"குழாய் இருக்கு, சத்தம் வராது. அழத் தெம்பும் இல்ல. வலிக்கலன்னு யார் சொன்னா? நீங்க தடவறதும் அவனுக்கு இம்சைதான்."

தடவினதுகூடவா? எறும்புக்கடிகூட இல்லன்னு தங்கச்சிகிட்ட வேற சொல்லித் தொலச்சேனே —

மார்ச் 8

சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். முதலில் நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர். பிறகு ஒரு உள்ளங்கை தலைமேல், இன்னொன்று மடக்கிய கால்களைச் சுற்றி. அசைக்கவே கூடாது. என் கல்யாணத்திலேயே சும்மா இருக்காதவன் நான். இருந்தேன். குத்தியதும் புருவம் சுருங்கியது, பிறகு மெல்ல விரிந்தது.

மேலே தங்கச்சி, "இன்னிக்கும் சிரிச்சானா?" என்றாள்.

"ம்."

மார்ச் 10

அலுப்பு.

மார்ச் 13, வியாழன்

நேற்று குழாயை எடுத்துவிட்டார்கள். இன்று குத்தும்போது பூனைக்குட்டி மாதிரி ஒரு கத்தல். "திட்டறான் மாமா" என்று சிஸ்டர் சிரித்தார். எனக்குக் கண் கரித்தது.

தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டாயிற்று, பயம்தான் விடவில்லை. "சிரிச்சானா?"

"இல்லம்மா. அழுதான். மொத நாள்லேருந்தே வலிச்சிருக்கு."

ஏசுவாள் என்று நின்றேன். போர்வையை விலக்கிக் காலைக் கீழே வைத்தாள். "எப்படிக் கை வைக்கணும்னு காட்டுண்ணே."

என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பெட்டிக்குள் நான் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் கையை வைக்க வைக்க நான் என் கையை எடுத்தேன். கொசுறு முழிக்கவில்லை. புருவம் அசையவில்லை.

ராசியான கை அவளுடையதுதான்.