பதில் சொல்லுமுன் தைத்த பெயர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, இப்போது பேப்பரை மூக்கில் இடிக்காமல் படிக்கிறார். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் தங்கை எதிர்வீட்டிலிருந்து வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள், நாலு மாசம் முழுகாமல் இருக்கிறவள், இது அவள் காதில் விழக்கூடாது.

அந்த ரசாயனக் கிடங்கு வேலையைப் பற்றித்தான். பாதுகாப்பு அதிகாரி, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். யோசித்துச் சொல்கிறேன் என்றாய். போன வாரம் அங்கிருந்து வழக்கம்போல் என் தையலுக்கு மூட்டை வந்தது, அவர்கள் சீருடைக்கெல்லாம் பெயர் தைப்பது நான்தானே. உள்ளே ஒரு புதுக் கோட்டு, அதில் குத்திய சீட்டில் உன் பெயர். இதே பதவிக்கு ஒன்றரை வருஷத்தில் நான் தைக்கிற மூன்றாவது பெயர். அப்பாவைக் கேட்டால், மேனேஜர் போன் பண்ணாரு, வருவான்னு சொல்லிட்டேன், அதுக்கென்ன இப்போ என்கிறார். கோபப்படாதே, நீ வந்து கூடத்தில் உட்கார்ந்து அவரோடு சண்டை போட்டாலே போதும் அவருக்கு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கடைசியாக அந்த நாற்காலியில் இருந்தவரின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கிடங்கு என்றதும் அவர் மனைவி கதவை மூடப் பார்த்தாள், என் பையனுக்கு அந்த வேலை வந்திருக்கும்மா என்றேன், வழிவிட்டாள். அவர் என் முகத்தையே பார்க்காமல் பேசினார். வாயு கசிந்தால் அடிக்கிற அலாரம் அடிக்கடி அடித்ததாம், அடித்தால் வேலை நிற்கிறது என்று வயரைப் பிடுங்கிவிட்டார்களாம். தினமும் காலையில் அலாரம் சரியாக இருக்கிறது என்று அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு முன்னால் இருந்தவர் போட மாட்டேன் என்றாராம், ஒரே மாதத்தில் வெளியே. இவர் போட்டார். ஒருநாள் சரக்கு இறக்கிய இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. வழக்கு இவர்மேல். உங்க பையன் எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்மா என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

வந்து அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவரே போனை எடுத்து, பையன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் சிரித்தாராம். பரவாயில்லைங்க, வேற ஆள் ரெடியா இருக்காங்க என்றாராம். அந்த வேறு ஆள் யார் தெரியுமா, நம் மாப்பிள்ளை. ஏழு மாதமாக வேலையில்லாமல் கூனிக் குறுகிப்போயிருந்த மனுஷன், உன் தங்கை வாயிலாக இந்த வேலையைக் கேள்விப்பட்டு நமக்குத் தெரியாமலே போய்ப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் உள்ள போய் முதல் வேலையா அந்த வயரை மாட்டிடறேன் அத்தை, அவகிட்ட மட்டும் எதுவும் சொல்லாதீங்க என்றார். நல்ல மனசு, அதுதான் எனக்குப் பயம்.

நேற்றுச் சேர்ந்தார். சாயங்காலம் கண் சிவக்க நேரே இங்கே வந்து மூன்று தடவை முகம் கழுவினார். மாட்டினீங்களா என்று மெதுவாகக் கேட்டேன். அலாரப் பெட்டியையே காணோம் அத்தை, சுவத்துல ஆணிதான் இருக்கு என்றார். கையெழுத்து என்று இழுத்தேன். ஒரு டம்ளர் தண்ணி குடுங்க அத்தை என்றார்.

இன்று காலையும் போயிருக்கிறார். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், கிடைத்த அன்றே அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. தங்கை வீட்டுக்காரர் என்று தயங்காதே, நீ இந்தப் படிப்பே படித்தவன், நீ சொன்னால் கேட்பார். உன் பக்கம் அவருக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்றும் பார். நான் எழுதியதாகச் சொல்லாதே. இங்கே வரவில்லையே என்று நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, தள்ளி இருந்தாலும் முழுசாக இரு, நூறு வயசு இரு. உன் சளி மருந்தை மறக்காதே.

சாயங்காலம் மணி ஆறரை. மாப்பிள்ளை இப்போதுதான் வந்தார், அவர் இருமுவது எதிர்வீட்டிலிருந்து இங்கே வரைக்கும் கேட்கிறது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா