கிச்சன் பக்கத்துச் சுவர்

ஜூன் 1, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஜூன் மாதம் ஸ்வெட்டர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போய்த் திரும்பினேன். போகும்போது சூளகிரி வரை நின்றுகொண்டே. பஸ்ஸில் ஒரு அம்மா போனில், "மாங்கூழு ஃபேக்டரில நாலு மணிக்கே உட்ருவாங்கோ, நீ சாப்ட்டு படு" என்று பத்து தடவை.

சு. (சுஜாதா. டைரியில் என் மனைவிக்கு இவ்வளவுதான்) அவள் தம்பி ஸ்ரீதர் வீட்டில் ஐந்து வாரமாக இருக்கிறாள். பிசியோ அங்கே பக்கம். பக்கவாதம் அடித்த வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை. இடது கையால் தம்ளர் பிடிக்கிறாள். முந்தின வாரம் சிந்தினாள், இந்த வாரம் சிந்தவில்லை.

பேச்சு வந்துவிட்டது. ஆனால் தெலுங்கு மட்டும். டாக்டர் சொன்னது: "சின்ன வயசுல பேசின பாஷை முதல்ல வரும். மத்தது வரலாம், வராமலும் போகலாம்." அவள் ஓசூர்க்காரி, பிறந்த வீட்டில் தெலுங்கு. நான் சாத்தூர் பக்கம். கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம், வீட்டில் தமிழ்தான். இருபத்தாறு வருஷம் மீறவில்லை. அவள் அம்மாவோடு போன் பேசக்கூட மொட்டை மாடிக்குப் போவாள். பெரிய நாட்டாமை நான். இப்போது அவள் பேசுவதை மச்சினன் எனக்கு மொழிபெயர்க்கிறான்.

கையைப் பிடித்துக்கொண்டு "இன்ட்டிக்கி, இன்ட்டிக்கி" என்றாள். இது எனக்கே தெரியும். வீட்டுக்கு.

12ஆம் தேதி வியாழன் கூட்டி வருகிறோம். ஆனால் வீட்டில் பாத்ரூம் பின்வாசலில், மூன்று படி இறங்கி, குத்தவைத்து உட்காருவது. அவளால் முடியாது. ஸ்டோர் ரூமை பாத்ரூமாக மாற்ற வேண்டும். பதினோரு நாள்.

ஜூன் 2, திங்கள்

கேஸ் புக் பண்ணியது. பால் திரிந்தது. மேஸ்திரி கிடைத்தார், நாகப்பா, பேரிகைக்காரர். தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் தமிழ்.

ஃபேக்டரியில் நான் குவாலிட்டி. தப்பு வருவதற்கு முன்னால் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் சம்பளம். வீடு இடித்துக் கட்டிய எல்லோரிடமும் கேட்டு, ஷிஃப்ட் முடிவதற்குள் ஒரு தாள் எழுதினேன். செய்யக்கூடாதவை:

- அளக்காமல் ஆரம்பிப்பது. (வீல்சேர் அகலம் 26 இன்ச், கதவு 34 வேண்டும்.)
- தண்ணி வாட்டம் பார்க்காமல் டைல்ஸ். நடுவில் குளம் கட்டும்.
- வழவழ டைல்ஸ்.
- பாதியில் பிளான் மாற்றுவது.
- போனில் வேலை சொல்வது. ஸ்டோர்ஸ் கண்ணன் வீட்டில் நீலம் சொல்லிப் பச்சை ஒட்டியிருக்கிறார்கள். இன்னமும் தினம் பார்த்து வயிறெரிகிறார்.
- இடம் வலம் வாயால் சொல்வது. நேரில் நின்று கை காட்டவும்.

தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பார்க்கத் தெம்பாக இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

வெயில். லீவு போட்டு கூட நின்றேன். தரை கொத்தியாயிற்று, கதவு நிலை எடுத்தாயிற்று, பைப்புக்குப் பள்ளம்.

தெலுங்கு பேசிப் பார்க்கிறேன். சு. வருவதற்குள் கொஞ்சமாவது வரவேண்டும். நாகப்பாவிடம் பழகினால் செலவில்லாத டியூஷன். இன்று கற்றது: கோட = சுவர். தலுப்பு = கதவு. நீள்ளு = தண்ணி. அவுனு = ஆமா. மொத்தம் = மொத்தம்தான், நம்முடையதே.

பிடிகம்பி விஷயம் முக்கியம். டாய்லெட்டில் உட்கார்ந்து எழ அவள் இடது கையால் பிடிக்க வேண்டும், வேறு கை இல்லை. வாசலில் நின்று, கை நீட்டி, "இடது பக்கம், இந்தச் சுவர்" என்று காட்டினேன். கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் உள்ள சுவர். டாய்லெட்டும் அந்தச் சுவரை ஒட்டியே வைக்கச் சொன்னேன், கம்பி எட்டும்படி. நாகப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு என்னவோ கேட்டார். காதில் விழுந்தபடி: "கூர்ச்சுண்டேனா, நிலபடிதேனா?" வார்த்தை நன்றாயிருந்தது, அப்புறம் அர்த்தம் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டேன். கேட்டால் டியூஷன் கெட்டுப்போகும். கம்பீரமாக "அவுனு, அவுனு" என்றேன். சரி என்று சுவரில் பென்சிலால் குறி போட்டார்.

நேரில் நின்று கை காட்டியாயிற்று. தாளில் டிக்.

ஜூன் 5, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

லீவு கிடைக்கவில்லை, ஃபேக்டரி போனேன். பதினொரு மணிக்கு நாகப்பா போன். மணல் வண்டி வந்து நிற்கிறது, எங்கே இறக்க? எனக்குப் பக்கத்தில் பிரஸ் மெஷின் சத்தம். கிச்சன் பக்கம், வெளிச்சுவரை ஒட்டி இறக்கச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லியிருந்தால் முடிந்தது. அவருக்கு அவ்வளவு தமிழ் தெரியும். எனக்குத்தான் புத்தி விறுவிறுவென்று தெலுங்கில் இறங்கியது.

"கிச்சன் பக்க கோட. கொட்டு" என்றேன்.

"ஏ கோட சார்? கிச்சன் கோடயா?"

"அவுனு. கொட்டு."

"மொத்தமா?"

"மொத்தமும் கொட்டு" என்றேன். பாதியை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

"சரே சார்."

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் மணல் கேட்டுக்கு வெளியே ரோட்டில் கிடக்கிறது. உள்ளே, ஸ்டோர் ரூமில் நின்றால் கிச்சன் ஸ்டவ் தெரிகிறது. சுவரே இல்லை. செங்கல் குவியல். பருப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா எல்லாம் அவர்களே பத்திரமாக இறக்கி ஹாலில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

ஸ்ரீதருக்குப் போன். நான் சொன்னதை வார்த்தை வார்த்தையாகக் கேட்டான். அப்புறம், "பாவா, தெலுங்குல கொட்டுன்னா அடி, இடின்னு அர்த்தம். கோட கொட்டுன்னா சுவத்தை இடின்னு சொன்ன மாதிரி."

தாளைப் பார்த்தேன். போனில் வேலை சொல்லக்கூடாது. என் கையெழுத்துதான். கிழித்துப் போடலாமா என்று இருந்தது, அதற்கும் தெம்பில்லை. ஹாலில் பருப்பு டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மழை. ரோட்டு மணல் பாதி சாக்கடையில்.

நாகப்பா மேல் கோபப்பட ஆசை. முடியவில்லை. "மீரே செப்பினாரு கதா சார்" என்றார். நீங்கதானே சொன்னீங்க. பிறகு தமிழில்: "நானு மூணு தபா கேட்டேன் சார். நீங்க மொத்தமும்னு சொன்னீங்கோ. இனிமே தமிழ்லயே சொல்லுங்க சார், உங்க தெலுகு பயமா இருக்குது."

புதிதாக சுவர் எழுப்புகிறார்கள். நாலு இன்ச் கல். பூச்சு, டைல்ஸ், கம்பி, எல்லாம் புதன்கிழமைக்குள். "காயாது சார், ஒரு வாரம் உடணும்." ஒரு வாரம் நான் எங்கே போவேன்.

ஸ்ரீதரிடம் கேட்டேன், இன்னும் பத்து நாள் அங்கே இருக்கட்டுமா. "அவ பையைக் கட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாவா." ஒற்றைக் கையால் கட்டியிருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

கிருஷ்ணகிரி. சுவர் கதையை ஸ்ரீதர் அவளுக்குத் தெலுங்கில் சொன்னான், நடித்தே காட்டினான். சு. சிரித்தாள். முகத்தின் இடது பாதி மட்டும் சிரித்தது. "கோட கொட்டு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஜூஸ் கடைக்குப் பின்னால் நின்று அழுதேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. அவளிடம் கேட்க ஆயிரம் இருக்கிறது, என்னிடம் முப்பது வார்த்தை, அதிலும் ஒன்று தப்பு.

அவளுக்கு எப்படிப்பட்ட பாத்ரூம் வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது வரும் வழியில் உறைத்தது. ஊரெல்லாம் கேட்டேன்.

ஜூன் 11, புதன்

முடிந்தது. டைல்ஸ் சொரசொரப்பு, சரி. வாட்டம் சரி, ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன். கதவு 34. சுவர் இன்னும் ஈரம். கம்பி மட்டும் கெட்டியாக நிற்கிறது, நானே தொங்கிப் பார்த்தேன். நாகப்பா, "பாகுந்தி சார்" என்றார். நன்றாயிருக்கிறது. இது தெரியும்.

வாங்க: ரப்பர் மேட், பிளாஸ்டிக் ஸ்டூல், அவளுக்குப் பிடித்த ரஸ்க்.

ஜூன் 12, வியாழன்

வெயில் இல்லை, மழை இல்லை. பத்தரைக்கு கார் வந்தது. ஸ்ரீதரும் நானும் வீல்சேரை வாசலில் ஏற்றினோம். சு. ஹாலைப் பார்த்தாள், கிச்சனைப் பார்த்தாள், புதுச் சுவரைக் காட்டி என்னைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

அரை மணியில் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். கதவு தாராளம். பிடித்து உட்கார வைத்தேன். திரை இழுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

முடிந்ததும் திரையை விலக்கினேன். எழ வேண்டும். கம்பியைத் தேடினாள். இடது கை காற்றில் தடவியது. ஒன்றுமில்லை. அந்தப் பக்கச் சுவர் நாலடி தள்ளி. கம்பி அவளுக்கு வலது பக்கம், செத்துப்போன கைப் பக்கம், பளபளவென்று நின்றது. வாசலில் நின்று பார்த்தால் இடது. வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் வலது. இருபத்துநாலு வருஷம் குவாலிட்டி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "மன்னிச்சுக்கோ சுஜா" என்று தமிழில் என்னவோ சொன்னேன், அவளுக்கு எது போய்ச் சேர்ந்ததோ.

இடது கையால் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தட்டினாள். "கூர்ச்சோ" என்றாள். நான் விழித்தேன். மறுபடி தட்டி, "கூர்ச்சோ."

ஹாலிலிருந்து ஸ்ரீதர், "உக்காரச் சொல்றா பாவா."

அவள் இடது பக்கம் உட்கார்ந்தேன். என் தோளில் கை ஊன்றி, மூச்சு வாங்கி, இரண்டாம் தடவையில் எழுந்தாள்.

அவளைக் கட்டிலில் படுக்க வைத்தோம். அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறேன். கூர்ச்சோ, கூர்ச்சு. இந்த டைரியைத் திருப்பி, 3ஆம் தேதிப் பக்கத்தை ஸ்ரீதரிடம் காட்டினேன். அவன் வாய்விட்டுப் படித்தான்.

"உக்காந்தா இடது பக்கமா, நின்னா இடது பக்கமான்னு கேட்டிருக்காரு பாவா. சரியாத்தானே கேட்டிருக்காரு. நீங்க என்ன சொன்னீங்க?"

அவுனு என்றேன்.