மாமாவின் ஜெனரேட்டரும் பத்து வளையல் கடையும்

11.3.83, சந்தை நாள்

இன்றும் கரண்ட் இல்லை. சந்தையில் பல்பு வாடகைக்குத் தர மூன்று பேர் இருக்கிறார்கள். பாய்க்கும் செட்டியாருக்கும் பல்புக்கு ஒரு ரூபாய் வாங்கினாலே லாபம். என் மாமாவின் ஜெனரேட்டர் மட்டும் டீசல் மொடாக்குடியன். மூன்று ரூபாய் இல்லாமல் கட்டாது.

ஆனால் அவர்கள் இருவருடையதும் சேர்ந்து எண்பது பல்புதான் தாங்கும். சந்தைக்கு எண்பத்தைந்து வேண்டும். கடைசி ஐந்துக்காக மாமா மிஷினைக் கிளப்பினால், எல்லோருக்கும் மூன்று ரூபாய். தக்காளிக் கடை போடும் என் அம்மாவுக்கும்தான்.

"உங்களுக்கு ஒரு ரூபாயே கட்டுமே பாய்?" என்று கேட்டேன்.

"உங்க மாமன் மூணுக்கு விக்கறப்ப நான் ஒண்ணுக்கு விக்க எனக்கென்ன பைத்தியமா தம்பி?" என்று சிரித்தார்.

எனக்குக் கை அரித்தது. வளையல் வரிசைக்குப் போய், "அரிக்கேன் வெளிச்சத்துல கண்ணாடி வளையல் தங்கமா மின்னுதுங்க" என்று அளந்துவிட்டேன். பத்து கடைக்காரர்களும் பல்பு வேண்டாமென்று அரிக்கேனை ஏற்றிவிட்டார்கள். எழுபத்தைந்து பல்பே போதும் என்றானதால் மாமாவின் மிஷின் தேவைப்படவில்லை. மிச்சமான ஐந்து பல்புக்கு ஆள் பிடிக்க பாயும் செட்டியாரும் போட்டி போட்டுக் கூவி, ஒரு ரூபாய்க்கே இறங்கினார்கள். அம்மா மிச்சமான காசில் எனக்கு போண்டா வாங்கித் தந்தாள்.

திரும்பும்போது மாமா மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாரத்தில் அவருக்கு இந்த ஒரு நாள்தான் வருமானம்.

"கொஞ்சம் தள்ளுடா மாப்ள. வளையல்காரனுங்களுக்கு இன்னிக்கு என்னடா ஆச்சு?"

"தெரியலீங்க மாமா."

வீடு வரைக்கும் தள்ளினேன். அடுத்த சந்தையில் பல்பைப் புகழ்வதா, அரிக்கேனையா? தூக்கம் வரவில்லை. போண்டா இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.