பக்கத்துக் கட்டத்தின் நிறம்

மார்ச் 4
சிமுலேஷன் ஓடுகிறது. திரையில் பத்தாயிரம் கட்டங்கள், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. விதி ஒன்றுதான்: தன் முறை வரும்போது ஒவ்வொரு கட்டமும் பக்கத்திலிருக்கும் நான்கில் ஏதோ ஒன்றின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். காரணம் கேட்காது. மாலையில் திரை முழுக்க ஒரே நிறம்.

"உன் கட்டத்துக்கெல்லாம் மூளையே கிடையாதாடா?" என்றான் அடுத்த மேசைக்காரன்.

"எதுக்கு? அதான் பக்கத்து வீடு இருக்கே."

சிரித்தான். நானும்.

மார்ச் 7
அம்மா போன். தங்கை புருஷனை விட்டு வந்து ஒரு மாதம். அவன் கை நீட்டுகிறவன் என்பது எல்லாருக்கும் தெரியும். "திருப்பி அனுப்பிடலாம்னு சித்தப்பா சொல்றாருடா." நான் நிரலில் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். ம், ம் என்றேன்.

மார்ச் 8
ஒன்றுமில்லை.

மார்ச் 11
தங்கை போன். "நீயுமாண்ணா?"

என்ன நானும்?

"நீ சரின்னுட்டியாம். படிச்சவனே சொல்லிட்டான், அப்புறம் என்னங்கிறார் சித்தப்பா. அத்தையும் தலையாட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விடப்போறாங்க."

நான் எப்போது —

அந்த ம். காது இங்கே இருக்கிறது என்பதற்காகக் கொட்டிய ம். அதைப் பார்த்து அத்தை. அத்தையைப் பார்த்து அம்மா. யோசித்தது யார்?

அழுகை வர வேண்டிய இடம். வரவில்லை.

மார்ச் 12
சித்தப்பாவிடம் பேசினேன். "நான் சரின்னு சொல்லல. அவ போக வேணாம்."

"இப்ப வந்து சொல்றியே. எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்தான்டா!"

அம்மாவிடம்: "எனக்கு மட்டும் ஆசையா? நாலு பேர் சொல்றப்ப நான் என்ன பண்ண?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தன் நான்மா. நான் சொல்லல."

 அம்மா போனை வைக்கவில்லை.

மார்ச் 14
ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மாறாதபடி கட்டிவைத்து ஓட்டினேன். கடைசியில் எல்லாம் அதன் நிறத்துக்கு வந்தன. வெகுநேரம் கழித்து. கட்டங்களுக்கு அவசரமில்லை. ஞாயிறு நாளை மறுநாள்.

பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன்.

மார்ச் 17
பூட்டுக்கடையில் தங்கைக்கு இன்னொரு சாவி செய்யச் சொன்னேன். என் அறையில் கட்டில் ஒன்றுதான், நான் தரையில்.

தங்கை பையைப் பிரித்தாள். அடியில் அவளுடைய சான்றிதழ்கள், கம்பளி, அம்மாவின் நல்ல புடவை ஒன்று. என்னோடு அனுப்ப அம்மா சனிக்கிழமையே அடுக்கி வைத்துவிட்டாளாம், நான் போய்ச் சேர்வதற்கு முன்பே.

யாரையும் கேட்கவில்லையாம்.