இருபதாவது ஆணி

மே 14

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்பு, கணவாயில் பனி தள்ளும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் இருந்த மெக்கானிக்கிடம் சொன்னேன்: "பாரு, எங்க வீட்டு மாப்பிள்ளை ஒருநாள் கேமராவைக் கீழ வைப்பான். அன்னைக்கு இருக்கு வேடிக்கை." மெக்கானிக் செத்துப்போய்விட்டான். இல்லாவிட்டால் சாட்சி சொல்லியிருப்பான்.

இன்று வைத்துவிட்டான். அதுவும் போனில். என் தங்கை குல்பாஷின் புருஷன் சபிர்ஜான், கெகென் ஊர்ப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"மச்சான், ஜூலைல பெரிய மச்சானோட எழுபதாவது வயசு விருந்துல நான் படம் எடுக்க மாட்டேன். வரிசைல நிப்பேன்."

ஒவ்வொரு கோடையிலும் கர்க்கரா மேய்ச்சல் வெளியில் எங்கள் குடும்பம் முழுவதும் கூடும். வெள்ளைக் கம்பளிக் கூடாரத்துக்கு முன்னால் படம் எடுப்போம். பத்தொன்பது வருடம், பத்தொன்பது படம். எங்கள் மூத்தவர் ஓரஸாலி அண்ணன் வீட்டு முன்னறைச் சுவரில் பத்தொன்பது ஆணி. எல்லாவற்றையும் எடுத்தது சபிர்ஜான். ஒன்றிலும் அவன் இல்லை. இதில் என்ன கொடுமை? அப்பாவின் கடைசி வாக்கு அப்படி: "வருஷா வருஷம் படம் எடுங்க. நம்ம எலும்பு மட்டும் நிக்கட்டும். மாப்பிள்ளை எடுக்கட்டும்." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். எலும்பு என்றால் எங்களுக்கு வம்சம். மருமகள்கள் வரிசைக்குள் வரலாம், அவர்கள் நம் எலும்பாகிவிட்டார்கள். மாப்பிள்ளைகள் ஓரமாக நின்று எல்லோருடைய கோட்டையும் பிடித்துக்கொள்வார்கள். சபிர்ஜானுக்குக் கேமராவாவது கொடுத்தோம். அது மரியாதை இல்லையா?

மே 15

குல்பாஷ் ஆறு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வேலை இருந்தது.

மே 16

எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

"அண்ணே, போன வாரம் என் பையனுக்குப் பார்த்திருக்கிற பொண்ணு வீட்டுக்காரங்க பெரியண்ணனைப் பார்க்க வந்தாங்கல்ல? அந்தம்மா சுவரைப் பார்த்துட்டு, 'பையனோட அப்பா எதுல இருக்காரு?'ன்னு கேட்டுச்சு. பத்தொன்பது படத்துலயும் தேடினாங்க. கடைசியில அந்தம்மா புருஷன் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, 'நீங்க ரெண்டாவது புருஷனா?'ன்னு கேட்டுட்டாரு."

சிரித்துவிட்டேன். என்ன செய்ய, வந்துவிட்டது.

"சிரிக்கிறியா? சிரி. அவர் இல்லாத படத்துல இனிமே நானும் இல்ல."

வைத்துவிட்டாள். கூடப்பிறந்தவளுக்கு இவ்வளவு ஆங்காரமா? சின்ன வயதில் ஓநாயிடமிருந்து இவளைக் காப்பாற்றியவன் நான். (நாய்தான். ஆனால் பெரிய நாய்.)

மே 23

அண்ணன் வீட்டுக்குப் போனேன். எழுபதாவது வயதுப் படத்துக்காக இருபதாவது ஆணியை இப்போதே அடித்து வைத்திருக்கிறார். கதவைத் திறந்தால் நேரே தெரியும் இடம்.

"சபிர்ஜான் நல்லவன்டா பெய்சென்."

"நல்லவன்தான். அப்பாவோட வாக்கு?"

அண்ணன் கல்பாக் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார். அப்பா பேச்சு வந்தாலே அப்படித்தான். "என்ன சொன்னாரு, இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். என் குரலே எனக்குக் கரகரத்தது. ஜன்னலில் பனி மோதியதையும், விளக்கு மூன்று முறை அணைந்து எரிந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"போன தடவை விளக்கு அணையலையே?"

"நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "விருந்துக்கு அவனை நானே கூப்பிடறேன். படத்துக்கு, அப்பா சொன்னபடி."

அப்படிப் போடு! வாத்தியாருக்கே ஏழாம் வகுப்போடு நின்ற நான் பாடம் எடுத்துவிட்டேன்.

ஜூன் 9

இந்த வருடம் நானே எடுக்கிறேன். கல்யாண மண்டபத்துக்காரனிடம் கேமராவும் ஸ்டாண்டும் இரவல் வாங்கினேன். பொத்தானை அமுக்கினால் பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும். அதற்குள் ஓடிப்போய் அண்ணனின் வலது பக்கம் நின்றுவிடலாம். இருபது டன் வண்டியைப் பள்ளத்தாக்கு விளிம்பில் திருப்பியவனுக்கு இது எம்மாத்திரம்?

என் மனைவி ரைகுல் மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "இதுவரைக்கும் நீங்க எடுத்தது ஒரே ஒரு படம். அதுல எனக்குத் தலை இல்ல."

இந்த வீட்டில் யாருக்கும் கலை ரசனை கிடையாது.

ஜூன் 21

மாட்டுச் சந்தையில் மாப்பிள்ளை. நான்தான் ஆரம்பித்தேன், எனக்கென்ன பயம்?

"என்ன மாப்பிள்ளை, கேமராவுக்குப் பென்ஷன் குடுத்து அனுப்பிட்டீங்களாமே?"

"உங்க வாய்க்கு எப்ப குடுக்கப்போறீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன் மச்சான். அதுவா போறதாத் தெரியல."

தோல் வியாபாரிகள் சிரித்தார்கள். விடுவேனா? "உங்க எலும்பு வேற, எங்க எலும்பு வேற. அந்தப் படம் எலும்புக்குத்தான்."

"படமா எடுக்கறீங்க, எக்ஸ்ரேயா?"

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்போது அவன் கிட்டே வந்தான். சிரிப்பு இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "அன்னைக்கு அந்த அறையில யார் இருந்தாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமனார் சாவை வச்சு மாப்பிள்ளை சண்டை போடக்கூடாதுன்னுதான் பத்தொன்பது வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன்."

நான் அங்கிருந்து நடந்தேன். பயந்து அல்ல. என் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

ஜூன் 22

வேலி அடித்தேன். கட்டைவிரலையும் சேர்த்து அடித்தேன்.

ஜூலை 6

விருந்து. நூற்றிருபது பேர். (சரி, எழுபத்து மூன்று.)

முதலில் கறி. வேகவைத்த ஆட்டுத்தலையை அண்ணன் முன்னால் வைத்தோம். அதன் காதை அறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். எல்லாம் முறைப்படி. பிறகு நெஞ்சுப் பகுதி, அது மாப்பிள்ளையின் பங்கு. சபிர்ஜான் முன்னால் தட்டை வைத்தார்கள். புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான், பார்த்தபோதே எனக்கு வயிறு எரிந்தது. தட்டை ஒரு சாண் தூரம் தள்ளினான்.

"இது மாப்பிள்ளையோட பங்கு. நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா, படம் புடிக்க வந்தவனா? அதை முதல்ல சொல்லுங்க. அப்புறம் சாப்பிடறேன்."

கூடாரத்துக்குள் மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. நெஞ்சுக்கறியைத் தள்ளிய மாப்பிள்ளையை நானும் பார்த்ததில்லை, என் அப்பாவும் பார்த்திருக்க மாட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குதிரைப்பால் குமிஸ் கிண்ணத்தைப் பார்த்தேன். தட்டில் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. கடைசிவரை யாரும் அதைத் தொடவில்லை.

பிறகு படம். கூடாரம் மேட்டில், கேமரா பள்ளத்தில். நடுவில் நாற்காலியில் அண்ணன், கம்பளத்தில் பெரியவர்கள், பின்னால் பெஞ்சுமேல் மருமகள்கள். ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து நான் நிறுத்தினேன். படைத்தளபதிகூட அப்படி நிறுத்தியிருக்க மாட்டான். கீழே ஓரமாக மாப்பிள்ளைகள், கையில் கோட்டுகள். சபிர்ஜான் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

முதல் தடவை பாதி மேட்டில் இருக்கும்போதே கேமரா சொடுக்கிவிட்டது. இரண்டாம் தடவை கூடாரக் கயிறு காலில் மாட்டியது. மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தேன், ஆனால் மூச்சிரைத்துக் குனிந்துவிட்டேன். யாரோ பின்வரிசையில், "பெய்சென்பாய்க்கு ஒரு குதிரை குடுங்கப்பா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. நான் இறங்கி வருவதையும் ஏறுவதையும் வகுப்பில் தப்பாகக் கணக்குப் போடும் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காம் தடவைக்கு நான் கீழே இறங்கும்போது குல்பாஷ் வரிசையைவிட்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டி நடந்தாள்.

"எங்கடி போற?"

"என் எலும்பு எங்க நிக்குதோ அங்க."

அவன் பக்கத்தில் போய் நின்றாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சித்தப்பா மகள் போனாள். அவள் அக்கா போனாள். நம் வீட்டில் பிறந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி, கோட்டுப் பிடித்துக்கொண்டிருந்த புருஷன் பக்கத்தில் போய் நின்றார்கள். பதினொரு பேர். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, மல்யுத்தத்துக்கு நிற்பதுபோல. நடுவில் நானும் ஸ்டாண்டும்.

"மேல இருக்கிறவங்க நெருங்கி நில்லுங்க!" என்று கத்தினேன்.

"யாரும் நெருங்க வேண்டாம்," என்றார் அண்ணன். "இருக்கிறபடியே இருக்கட்டும். நீ எடு."

அமுக்கினேன். ஓடினேன். போய்ச் சேர்ந்துவிட்டேன், நேராக நின்றேன், நெஞ்சை நிமிர்த்தினேன். சொடுக்கியது.

சபிர்ஜான்! உன்னை நான் சும்மா விடமாட்டேன்டா. என் அண்ணன் விருந்தைக் கெடுத்துட்ட. எல்லார் முன்னாடியும் என்னை ஓடவிட்டுட்ட.

ஜூலை 15

படம் கழுவி வந்தது. அண்ணனிடம் கொண்டுபோனேன். நான் நன்றாக வந்திருக்கிறேன். மற்றபடி பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே இடைவெளி.

அண்ணன் அதைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். "இதை மாட்டினா, வர்றவங்க யாரெல்லாம் செத்துட்டாங்கன்னு கேப்பாங்க."

ஆணி காலி.

ஆகஸ்ட் 3

அண்ணன் சம்பந்தமே இல்லாமல் கேட்டார்: "அப்பா போன அன்னைக்கு சபிர்ஜான் எங்க இருந்தான்?"

"வெளியே. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தான்."

"பிப்ரவரிலயா? தண்ணி உறைஞ்சிருக்குமே."

"ஐஸை உடைச்சுத்தான்."

சும்மா சொல்லக் கூடாது, சட்டென்று வந்தது.

ஆகஸ்ட் 19

குல்பாஷ் மகன் கல்யாணப் பத்திரிகை. ரைகுல் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. வேண்டுமென்றே.

செப்டம்பர் 28

கல்யாணம். கெகெனில், சபிர்ஜான் வீட்டு முற்றத்தில். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். தாய்மாமன் போகாவிட்டால் ஊர் என்னைத்தானே பேசும்?

சாப்பாட்டுக்குப் பிறகு படத்துக்குக் கூடினார்கள். நடுவில் இரண்டு நாற்காலி. ஒன்றில் சபிர்ஜான், பக்கத்தில் என் அண்ணன். ஆமாம், ஓரஸாலி அண்ணன். அந்த வீட்டு எலும்பு இல்லாதவர். எல்லாரும் நிற்கிறார்கள், சம்பந்தி வீட்டார், ரைகுல், கோட்டுப் பிடித்த மாப்பிள்ளைகள் எல்லோரும். நானும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனேன்.

சபிர்ஜான் எழுந்து எதிரே வந்தான். புன்னகையோடு கேமராவை எடுத்து என் கழுத்தில் வாரை மாட்டினான்.

"நீங்கதான் மச்சான் எடுக்கணும். பழகிட்டீங்கல்ல."

"நானா? நான் பையனோட தாய்மாமன்யா."

"எங்க அப்பாவும் சாகும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு."

"என்ன சொன்னாரு?"

"நீங்களே யோசிச்சுச் சொல்லுங்களேன். உங்களுக்குத்தான் நல்லா வரும்."

திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டான். அறுபது பேர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். குல்பாஷ் பார்த்தாள். அண்ணன் பார்த்தார். யாராவது, "அட, நீயும் வாப்பா, டைமரைப் போட்டுட்டு வா" என்பார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கூட்டத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

எடுத்தேன். ஒரே சொடுக்கு. யாருக்கும் தலை போகவில்லை.

அக்டோபர் 12

அண்ணன் வீட்டுக்குப் போனேன். இருபதாவது ஆணியில் படம் தொங்குகிறது. கல்யாணப் படம். நடுவில் சபிர்ஜான், அந்தப் புதுக் கோட்டில். கதவைத் திறந்ததும் நேரே அவன் முகம்.

"நல்லா எடுத்திருக்கே," என்றார் அண்ணன். அப்பா என்ன சொன்னார், இன்னொரு தடவை சொல் என்று கேட்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. ரைகுலுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, கண்ணாடியை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். இதுவரை எழுதியதில் ஓநாயும் விளக்கும் நூற்றிருபது பேரும் கூடக்குறைய இருக்கலாம், அதெல்லாம் பேச்சுக்கு உப்பு. ஒன்று மட்டும் வேறு.

அப்பா என் கையைப் பிடிக்கவில்லை. நான் அந்த அறையில் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அதனால் போனேன். திரும்பி வந்தபோது அவர் தலை சபிர்ஜான் மடியில் இருந்தது. அவன் கண்களை மூடிவிட்டு, பக்கத்து வீடுகளுக்குச் சொல்லப் போனான். அந்த நேரம் பார்த்து ஆட்டுப் பட்டியிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்தார். காலணியெல்லாம் பனி. என் தோளைப் பிடித்து, "ஏதாவது சொன்னாராடா?" என்று கேட்டார். மூத்தவர், அழுதுகொண்டு கேட்கிறார். தெரியாது என்று எப்படிச் சொல்வது? நான் அங்கே இல்லை, வாத்தியார்தான் இருந்தான் என்று எப்படிச் சொல்வது?

வாயில் வந்ததைச் சொன்னேன்.

அப்பா நிஜமாகவே ஏதாவது சொன்னாரா என்று சபிர்ஜானை நான் இன்றுவரை கேட்டதில்லை.