மருதாணி வேலிச் சிலந்திகள்

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

இந்த மார்கழியில் நம் வாசலில் கோலம் இல்லை. நீ ஆடியில் போனாய். வருஷம் திரும்பும் வரை போடக்கூடாது என்று சித்தி சொல்லிவிட்டார்கள். விழிப்பு மட்டும் பழைய நேரத்துக்கே வந்துவிடுகிறது. எழுந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், வேலியோரம் போய் நிற்கிறேன். சிதம்பரத்துப் பனி உனக்குத் தெரியுமே. எதிர்வீடுகூட மங்கலாகத்தான் தெரிகிறது.

மருதாணி வேலி முழுக்க வலை, அக்கா. பகலில் கண்ணில் படாது. விடியலில் பனித்துளி கோத்ததும், யாரோ சின்னச் சின்னக் கைக்குட்டைகளைத் துவைத்துக் கிளை கிளையாக விரித்துப் போட்டது மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் நீ வலை உள்ள கொப்புகளில் கிழிசல் துணி கட்டி வைப்பாய். பெருநாளுக்கு இலை பறிக்கத் தெருப்பெண்கள் வந்தால், "துணி கட்டுன கொப்புல கை வெக்காதீங்கடி, உள்ள ஆளு குடியிருக்கு" என்பாய்.

கடலூர்ப் பள்ளிக்கூடத்தில் இந்தச் சிலந்திக்கு நான் கயிற்றுக்கட்டிலைத்தான் உதாரணம் சொல்வேன். கட்டிலுக்கு மேலே கொடிக்கயிறுகளைத் தாறுமாறாகக் கட்டுங்கள். அடியில் போய், கட்டில் கயிற்றைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்குங்கள். பறந்து வருகிறவன் கொடியில் இடறிக் கட்டிலில் விழுவான். நீங்கள் கீழிருந்தே கடித்து, இடுக்கு வழியாக இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். பசைகூட அதிகம் வேண்டாம், அவன் தடுமாறினால் போதும். பிறகு கிழிந்த இடத்தை நெய்துவிட்டு மறுபடி தொங்குங்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "பாவம்டி, பூச்சியே வரலன்னா?" என்று கேட்டாய். வரும் வரை தொங்கும் என்றேன். அது ஒரு பதிலா, அக்கா?

இந்த வருஷம் பக்ரீத் மார்கழியிலேயே வந்தது. நானும் துணி கட்டி வைத்துவிட்டு, கேட்டைத் திறந்தே போட்டிருந்தேன். யாரும் வரவில்லை. முதல் ஆளாகப் பையோடு வந்து நிற்கும் எதிர்வீட்டு நூர்ஜஹானும் வரவில்லை. அவள் கடைத்தெருவிலிருந்து மருதாணிக் கோன் வாங்கிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாவு விழுந்த வீட்டு இலை பெருநாளுக்கு ஆகாது என்று நினைத்துவிட்டார்களோ? நீ இல்லாத வீட்டுக்குள் வர இனி யாருக்கும் காரணமே இல்லையோ? போய்க் கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

பெருநாளுக்கு முதல்நாள் காலையில் ஒரு வலையின் அடியில் பயறு அளவு சிலந்தி தொங்கிக்கொண்டிருந்தது. மேல்நூலில் ஒரு கொசு இடறி விழுந்தது. ஒரே ஓட்டம், ஒரே இழுப்பு. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தொங்கினால் அதற்குக் கொசு வந்து விழுகிறது. நான் ஜன்னலோரம் எத்தனை நாள் தொங்கினாலும் நூர்ஜஹான் வந்து விழமாட்டாள். முறம் நிறைய இலை பறித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவள் முறத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "மாமி, தோ பாருங்க, டீச்சரே எடுத்தாந்துட்டாங்க! நான் போய்க் கேக்கறேன்னேன், வுட்டீங்களா?"

"மவுத்தான ஊட்டுல போயி எப்புடிம்மா மருதாணி கேக்கறது?" என்று அவள் மாமியார் எழுந்து வந்தார்கள். "அவுங்க மனசு என்னா பாடுபடும்னு இருந்துட்டேன்."

"நீங்க கேக்கலன்னுதான் மாமி பாடுபட்டுச்சு," என்றேன்.

"நல்லா பட்டுச்சு போங்க! ஒங்க ரெண்டு பேர் மரியாதையில நான் கோன் வாங்குனேன். மண்ணெண்ணெ வாட அடிக்குது," என்றாள் நூர்ஜஹான்.

அரைத்து முடித்ததும் மாமி என் கையைப் பிடித்தார்கள். "அக்கா போயி வருஷம் திரும்பலையே" என்று இழுத்துக்கொண்டேன்.

"அது மருதாணிக்குத் தெரியுமா? ஒங்களுக்குச் சூடு ஜாஸ்தி டீச்சரு, கண்ணு செவந்து கெடக்கு. காட்டுங்க."

கண் சிவந்ததற்குக் காரணம் சூடு இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். சித்தி கேள்விப்பட்டால் திட்டுவார்கள். திட்டட்டும்.

கழுவிவிட்டுப் பார்த்தேன். நன்றாகப் பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் வந்து, காட்டுவதற்கு ஆள் தேடி, சமையற்கட்டு வரை போய்விட்டுத் திரும்பினேன். அதனால்தான் இந்தக் கடிதம். இந்தா, பார் அக்கா.

அடுத்த பெருநாளுக்கு யாராவது கேட்கட்டும் என்று இருக்கமாட்டேன். முறத்தை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக நானே போவேன். இது உனக்குச் சத்தியம்.

சிவந்த கையோடு,
உன் ஒரே தங்கச்சி சரசு